பாறைப் பிளவுகளில் ஓடும் நீரைக் கணினியில் கணித்தல்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டக் குடிநீர்க் குழுக்களின் கூட்டங்களிலும், உயர்தர வகுப்பு மாணவரின் களப்பயணங்களிலும், பொறியியல் பீட மாணவருடனான பேச்சுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். திருத்தி எழுதினால் கேட்டவரின் கவலை எதுவென்பது மறைந்துவிடுகிறது. பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

1. கல்லு கல்லுதானே சேர், அதுக்குள்ள தண்ணி எப்படி ஓடும்?

கல்லின் உடம்புக்குள் ஏறத்தாழ ஓடாது. இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. மத்திய மலைநாடு அமர்ந்திருக்கும் உயர்நிலத் தொகுதியில் நைஸ், சார்னோக்கைட், குவாட்சைட், இடையிடையே படிகச் சுண்ணக்கல் ஆகியவை உண்டு. பெரும் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் இறுகிய இப்பாறைகளின் மணிகளுக்கு நடுவே நீருக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் அவை மடிந்தபோதும் மேலெழுந்தபோதும் பிளந்திருக்கின்றன. நீர் அந்தப் பிளவுகளின் வழியே போகிறது.

அதற்கு மேலே, தேயிலை வேரூன்றிய மண்ணுக்கும் கடும்பாறைக்கும் இடையில், உக்கிப்போன பாறைப் படை ஒன்று இருக்கிறது. மழைநீரைத் தேக்கி வைப்பது பெரும்பாலும் அந்தப் படை. தொலைவுக்குக் கொண்டுபோவது பிளவுகள். தேக்கம் ஓரிடத்திலும் ஓட்டம் வேறோரிடத்திலும் இருப்பதால்தான் மலையக நிலக்கீழ் நீரைக் கணிப்பது கடினமாகிறது. கீழே வரும் விடைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

2. மாதிரியுரு என்று சொல்றீங்களே, களிமண்ணில செய்யிற மலை மாதிரியா, இல்ல படமா?

அதை ஒரு கணக்கேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மலையைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான பெட்டிகளாகப் பிரித்து, கணக்கப்பிள்ளை செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் அன்றாடப் பதிவேடு) எழுதுவதுபோல, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நாளும் நீரின் வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைப் பதிகிறோம். ஒரு பெட்டியின் செலவு பக்கத்துப் பெட்டியின் வரவாக இருக்கவேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு வாளி நீரும் காணாமல் போயிருக்கக்கூடாது.

பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு நீர் போகும் என்பதைத் தீர்மானிப்பது டார்சியின் விதி. பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர் வேலைகளில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856 இல் அதை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் கூடும். கடக்கும் தூரம் கூடினால் குறையும். மிகுதியை, அந்த ஊடகம் நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதைக் காட்டும் கடத்துதிறன் என்ற ஓர் எண் தீர்மானிக்கும். ஒரு பெட்டிக்கான கணக்கைக் கடதாசியிலேயே செய்யலாம். எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரத் தீர்ப்பதற்குத்தான் கணினி.

3. மணலுக்கு எழுதின விதியைப் பாறைக்குப் போடலாமா?

எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு முழுப் பள்ளத்தாக்கை எடுத்தால், அதிலுள்ள எண்ணற்ற பிளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சராசரியாகிவிடும். அப்போது பாறை முழுவதையும் மணலைப்போல ஒரே கடத்துதிறன் கொண்டதாகக் கொள்ளலாம். இதைச் சமான நுண்துளை ஊடகம் என்பார்கள். ஒரு குழாய்க்கிணற்றை மட்டும் எடுத்தாலோ, அதைத் தொடும் பிளவுகள் மூன்றோ நான்கோதான். மூன்று பேரை நிறுத்தி அளந்துவிட்டு ஊராரின் சராசரி உயரம் இதுதான் என்று சொல்ல முடியாதல்லவா?

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. ஒரே இடத்தில் இரண்டு ஊடகங்கள் பின்னிக் கிடப்பதாகக் கொள்வது: பிளவுகள் ஓட்டத்துக்கு, அவற்றைச் சூழ்ந்த திணிவு தேக்கத்துக்கு, இரண்டுக்கும் நடுவே மெதுவான பரிமாற்றம். 1960 இல் சோவியத் ஆய்வாளர் பேரன்பிளாட்டும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்த இந்த எண்ணத்தை, 1963 இல் வாரன், ரூட் இருவரும் எண்ணெய்த் துறைக்கு ஏற்றபடி விரித்தார்கள். நமது உக்கிய படையையும் அதன் கீழுள்ள பிளவுகளையும் எண்ணிப் பார்த்தால், இரட்டை ஊடகம் என்ற இந்த எண்ணம் மலையகத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

மூன்றாவது வழி, ஒவ்வொரு பிளவையும் தனித் தகடாக வைப்பது. உள்ளே இருக்கும் பிளவுகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், வீதி வெட்டுகளிலும் கற்குழிகளிலும் அளந்த திசை, சாய்வு, நீளம், இடைவெளி ஆகியவற்றின் புள்ளிவிவரத்துக்கு இணங்கப் பிளவுகளைக் கணினி தானாகப் பரப்பும். ஒரு முறை பரப்பினால் போதாது, நூறு முறை வேறுவேறாகப் பரப்பி விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கவேண்டும். மாணவர்கள் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான், ஏனெனில் படம் அழகாக இருக்கும். களத்தில் அளக்காமல் செய்தால் அது அழகான ஊகமாகவே நின்றுவிடும்.

4. பிளவு எவ்வளவு அகலம் இருந்தா நல்லாத் தண்ணி வரும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறிய அகலமே போதும். இரண்டு வழவழப்பான தகடுகளுக்கு நடுவே ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் 8 மடங்கு. பத்து மடங்கானால் 1000 மடங்கு. 0.1 மில்லிமீற்றர் அகலமுள்ள ஆயிரம் பிளவுகள் கொண்டுவரும் நீரை, 1 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரே பிளவு கொண்டுவந்துவிடும். உண்மையான பிளவுகள் கரடுமுரடானவை, மண்ணாலும் களியாலும் பாதி அடைபட்டவை என்பதால் கணக்கிலும் குறைவாகவே ஓடும். ஆயினும் மும்மடி விதியின் பிடியிலிருந்து அவை தப்புவதில்லை.

ஒரு மீற்றருக்கு ஒன்று வீதம் 0.1 மில்லிமீற்றர் பிளவுகள் உள்ள பாறையை எடுத்துக்கொள்வோம். அதன் கடத்துதிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 0.0000008 மீற்றர். இது வண்டல் கலந்த மண்ணுக்கும் இருக்கக்கூடிய மதிப்பு. ஆனால் அந்த மண்ணின் கனவளவில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமாக இருந்தால், இந்தப் பாறையில் வெற்றிடம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை 11 ஆவது கேள்வியில் பார்ப்போம்.

5. பக்கத்து வளவில 60 மீற்றரில தண்ணி. எங்களுக்கு 100 மீற்றர் தோண்டியும் கல்லுத் தூசிதான் வந்துச்சு. மாதிரியுரு முன்னமே சொல்லியிருக்காதா?

சொல்லியிருக்காது. மூன்றாவது விடையில் சொன்ன சராசரி, ஒரு சதுர கிலோமீற்றருக்குப் பொருந்துமே தவிர ஒரு வளவுக்குப் பொருந்தாது. பக்கத்துக் கிணறு ஒரு திறந்த பிளவைத் தொட்டிருக்கிறது, உங்களுடையது தொடவில்லை. மேலும் ஆழம் கூடக் கூட, மேலுள்ள பாறையின் பாரத்தால் பிளவுகள் பொதுவாக இறுகிப்போகும் என்பதால் "இன்னும் 50 மீற்றர் இறக்கிப் பார்ப்போம்" என்ற யோசனை பல சமயம் காசை மட்டுமே இறக்குகிறது.

கிணற்றுக்கு இடம் தேட வேறு கருவிகள் உள்ளன: வான்படங்களில் நேர்கோடாகத் தெரியும் பள்ளங்களையும் ஓடைகளையும் குறித்தல், அவற்றின் குறுக்கே மின்தடை அளத்தல், பாறையின் சாய்வைப் பார்த்தல். இவை எதுவும் உறுதி தராது, வாய்ப்பைக் கூட்டும்.

6. மழை பெஞ்ச மறுநாளே ஒரு பீலி பெருகிக் கலங்குது. இன்னொன்னு பங்குனி வரைக்கும் ஒரே மாதிரி ஓடுது. ஏன்?

முதலாவது பீலி (ஊற்றுநீர் வந்து விழும் இடம்) பெரிய பிளவுகளோடு அல்லது மேல்மண்ணின் ஓட்டையோடு நேரே இணைந்திருக்கிறது. இரண்டாவது, தடித்த உக்கிய படையிலிருந்து கசிந்து கசிந்து வரும் நீரால் ஓடுகிறது. தை பிறந்த பின் மழை குறைந்து, ஓட்டம் வாரத்துக்கு வாரம் எப்படி இறங்குகிறது என்பதை வரைந்தால், முதலில் செங்குத்தாகவும் பிறகு சாய்வாகவும் இரண்டு துண்டுகளாக வளைவு அமைவது உண்டு. செங்குத்தான துண்டு பிளவுகள் வடிவதையும், சாய்வான துண்டு தேக்கம் வடிவதையும் காட்டுகின்றன. இரட்டை ஊடக மாதிரியுருவுக்கு இதைவிட மலிவான தரவு கிடையாது.

7. மலைக்கு எல்லை எங்க போடுறது? மலை முடியிற இடம் ஏது?

வழக்கமாக மலைமுகட்டை நீர் கடக்காத எல்லையாகவும், பள்ளத்தாக்கு ஓயாவை (சிற்றாற்றை) நீர் வெளியேறும் எல்லையாகவும் கொள்வோம். மேல்மண்ணின் நீருக்கு இது பெரும்பாலும் சரி. பிளவு நீருக்கு எப்போதும் சரியென்று சொல்ல முடியாது: முகட்டை ஊடறுத்துப் போகும் ஒரு பிளவு வலயம், மேற்குச் சரிவில் விழுந்த மழையைக் கிழக்குச் சரிவில் கொண்டுபோய் விடலாம். வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் அதே மாதங்களில் ஊவாவில் கச்சான் என்ற வறண்ட காற்று வீசிக் காய்கிறது என்பதை நினைத்தால், முகட்டின் எந்தப் பக்க மழையை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவது என்பது சிறிய விடயமாகத் தெரியாது. அதனால் எல்லையை நமக்கு அக்கறையான இடத்திலிருந்து போதுமான தூரம் தள்ளி வைத்து, அதைச் சற்று நகர்த்தினால் விடை மாறுகிறதா என்று சோதிப்பது வழக்கம்.

8. என்ன மென்பொருள்? வாங்க எவ்வளவு ஆகும்?

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை வெளியிடும் மொட்ஃபுளோ இலவசம். 1980களில் தொடங்கிய இதன் ஆறாவது பதிப்பு 2017 இல் வந்தது. பைதன் மொழியில் இதை இயக்க ஃபுளோபை உண்டு. படத்தில் சுட்டி வேலை செய்ய விரும்புவோருக்கு மொடல்மியூஸ் உண்டு. இவையும் இலவசமே. ஃபீஃபுளோ கட்டணம் கட்டிப் பெறவேண்டியது. முக்கோண வலையால் மலையின் வளைவுகளை நன்றாகப் பின்பற்றும். செலவு மென்பொருளில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது.

9. எங்கட மாதிரியுரு மேட்டுப் பெட்டிகள் காய்ந்துபோய் நடுவில நின்னுடுது. என்ன பிழை?

இது மலைநாட்டில் மாதிரியுரு செய்யும் எல்லோருக்கும் வரும் நோய். பெட்டியின் பக்கம் 100 மீற்றர், சரிவு 40 சதவீதம் என்றால், அடுத்தடுத்த பெட்டிகளின் தரைமட்டம் 40 மீற்றர் வேறுபடும். உக்கிய படையின் தடிப்பு 15 மீற்றர் என்று வையுங்கள்: மேற்பெட்டியின் அடி, கீழ்ப்பெட்டியின் தரைக்கும் மேலே தொங்குகிறது. நீர்மட்டம் மேற்பெட்டியின் அடிக்குக் கீழே இறங்கியவுடன் மொட்ஃபுளோவின் பழைய பதிப்புகள் அந்தப் பெட்டியைக் காய்ந்ததாக அறிவித்துக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். அதோடு அதன் மேல் விழுந்த மழையும் போய்விடும்.

2011 இல் வந்த நியூட்டன் முறைப் பதிப்பும், ஆறாவது பதிப்பிலுள்ள அதே தெரிவும் காய்ந்த பெட்டியைக் கணக்கில் வைத்துக்கொண்டே நீரைக் கீழே கடத்தும். அதைப் பாவியுங்கள், சரிவான இடங்களில் பெட்டிகளைச் சிறிதாக்குங்கள். பெட்டி காயாமல் இருப்பதற்காகக் கடத்துதிறனை விருப்பப்படி குறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கணினி சமாதானமாகிவிடும், மலை மாறிவிடும்.

10. கிணற்று மட்டமெல்லாம் மாதிரியுருவோடு அச்சொட்டாப் பொருந்துது. அப்ப மாதிரியுரு சரிதானே?

அவசரப்படவேண்டாம். ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைநீர் நிலத்துக்குள் இறங்குகிறது என்று கொண்டு, அதற்கேற்ற கடத்துதிறனைப் போட்டு, கிணற்று மட்டங்களைப் பொருத்திவிட்டீர்கள். இப்போது நிலைத்த (காலத்தோடு மாறாத) ஓட்டத்துக்கான கணக்கில் 200 ஐ 400 ஆக்குங்கள்; கடத்துதிறன்களையும் இரண்டு மடங்காக்குங்கள். கிணற்று மட்டங்கள் இம்மியும் மாறா. ஆனால் மலையில் ஓடும் நீர் இரண்டு மடங்காகிவிட்டது! மட்டத்தை மட்டும் அளந்தவரால் இந்த இரண்டில் எது உண்மை என்று சொல்லவே முடியாது. பீலிகளின் ஓட்டத்தையோ வறட்சிக்கால ஓயாவின் ஓட்டத்தையோ அளந்திருந்தால்தான் முடிச்சு அவிழும். எனது பழைய கணக்கு ஒன்றிலேயே இந்தத் தவறு இருந்தது. அறிக்கை அச்சான பின், ஓர் ஓயாவின் பங்குனி மாத ஓட்டத்தை அளந்தபோதுதான் அது வெளிப்பட்டது.

பிளவுப் பாறையில் இன்னும் ஒரு படி மேலே போகவேண்டும். பெஸ்ட் போன்ற மென்பொருள்கள் மதிப்புகளைத் தானாகவே சரிசெய்து பொருத்தித் தரும். அவற்றின் பெறுமதி, ஒரே ஒரு பொருத்தத்தைத் தருவதைவிட, கிட்டத்தட்ட சமமாகப் பொருந்தும் நூற்றுக்கணக்கான மதிப்புத் தொகுதிகளைத் தருவதில் இருக்கிறது. அவை அனைத்தும் ஒரே எதிர்வுகூறலைச் சொன்னால் நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால் அதையே அறிக்கையில் எழுதவேண்டும். நிலக்கீழ் நீர் மாதிரியுருக்களை "சரி" என்று நிறுவவே முடியாது, பிழையென்று காட்டத்தான் முடியும் என்று 1992 இல் கொனிக்கோ, பிரடஹொஃப்ட் இருவரும் வாதிட்டார்கள். எனக்கு அது சற்றுக் கடுமையாகப் படுகிறது. ஆனாலும் அந்த வாதத்தை அறியாமல் மாதிரியுரு செய்பவரை நான் நம்பமாட்டேன்.

11. மலசலகூடக் குழிக்கும் ஊற்றுக்கும் எத்தனை அடி விடணும்?

அடிக்கணக்கை விட்டுவிட்டு நாட்கணக்கில் யோசிப்போம். நாலாவது விடையின் பாறையையும் மண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கடத்துதிறனும் ஒன்று, நூறு மீற்றருக்கு 5 மீற்றர் நீர்மட்டச் சரிவு என்க. ஓடும் நீரின் அளவு இரண்டிலும் சமம். ஆனால் அந்த மண்ணில் நீர் 100 மீற்றர் கடக்க 15 ஆண்டுகள் ஆகும். பிளவுப் பாறையில் நாளுக்கு ஏறத்தாழ 35 மீற்றர் ஓடி மூன்று நாட்களில் கடந்துவிடும். அதே அளவு நீர் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு போவதால் வேகம் இரண்டாயிரம் மடங்காகிறது.

நோய்க்கிருமிகள் மடிவதற்காக ஜெர்மனி போன்ற நாடுகளில் ஊற்றைச் சுற்றி 50 நாள் பயணத்தூரத்தைப் பாதுகாப்பு வலயமாகக் கொள்கிறார்கள். மேற்சொன்ன பாறையில் அது ஒன்றேமுக்கால் கிலோமீற்றர். ஆகவே குழி, உக்கிய படை தடிப்பாக உள்ள இடத்தில், ஊற்றுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கவேண்டும். பாறை தலைகாட்டும் இடத்தில், ஊற்றுக்கு மேலே எத்தனை அடி விட்டாலும் நான் பயப்படுவேன். நீரின் அளவைச் சரியாகச் சொல்லும் சமான ஊடக மாதிரியுரு, பயண நேரத்தை இப்படி முற்றிலும் பிழையாகச் சொல்லக்கூடும் என்பதையும் கவனியுங்கள்.

12. உமா ஓயா சுரங்கம் வெட்டினப்ப பண்டாரவளையில கிணறெல்லாம் வத்திப்போச்சே. சுரங்கம் அவ்வளவு ஆழத்தில, கிணறு மேல. எப்படி?

டயரபாவிலிருந்து ரந்தெனிய நோக்கிச் சுமார் 15 கிலோமீற்றருக்கு அமைக்கப்பட்ட அந்தச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் பெருமளவு நீர் பாய்ந்தது. மேலேயுள்ள கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடிப்புக் கண்டன. ஆழத்தை மட்டும் பார்த்தால் இது வியப்பாகத் தோன்றும். ஆனால் பிளவுகளில் தேங்கியிருக்கும் நீர் எவ்வளவு சொற்பம் என்பதை நாலாவது விடையில் பார்த்தோம். கொஞ்ச நீரை இழந்தாலே அமுக்கம் வெகுவாக விழுந்துவிடும். தேக்கம் குறைந்த ஊடகத்தில் அந்த வீழ்ச்சி விரைவாகவும் தொலைவாகவும் பரவும். பிளவின் அமுக்கம் விழுந்ததும் மேலுள்ள உக்கிய படை தன் நீரைக் கீழே விட்டுக்கொடுக்கிறது. அதுவரை நீரின் அமுக்கம் தாங்கிய பாரத்தின் ஒரு பகுதியை மண் தானே தாங்கவேண்டி வருவதால் மண் இறுகித் தாழ்கிறது; தாழ்வு சீராக இல்லாத இடத்தில் சுவர் பிளக்கிறது.

மாதிரியுருவில் சுரங்கத்தை ஒரு வடிகாலாக, அந்த ஆழத்தில் வளிமண்டல அமுக்கம் உள்ள கோடாக வைப்பார்கள். எந்த இடத்தில் எந்தப் பிளவு வெடித்து நீர் பாயும் என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. காரணம் ஐந்தாவது விடையில் உண்டு. பாய்ந்தால் எந்தெந்த ஊர்கள் எத்தனை நாளில் பாதிக்கப்படலாம், முன்னால் துளையிட்டு சீமெந்துக் கூழ் செலுத்தினால் எவ்வளவு குறையும் என்ற வீச்சை அது சொல்லும். கிணறு வற்றியது சுரங்கத்தாலா வறட்சியாலா என்ற வழக்குக்கோ, சுரங்கத்துக்கு முந்திய ஆண்டுகளின் அளவீடு வேண்டும். அது இல்லாத கிணற்றுக்கு எந்த மாதிரியுருவும் சாட்சி சொல்ல வராது.

13. சமனலவெவ அணையின் ஒழுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. அங்கே வலது கரையில் நீர்க் கரைசலால் குடைவு விழுந்த சுண்ணக்கல் இருக்கிறது. 1992 இல் நீர் நிரப்பியபோது வெடித்துக் கிளம்பிய ஒழுக்கு, பின்னரும் செக்கனுக்கு ஏறத்தாழ 2 கனமீற்றர் அளவில் நீடித்து, கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. அத்தகைய குடைவுகளில் நீர் சுழித்து ஓடுவதால் டார்சியின் விதி பொருந்தாது; குழாய்வழி ஓட்டத்தின் சமன்பாடுகளைச் சேர்க்கவேண்டும். மாத்தளை, கண்டிப் பக்கத்துச் சுண்ணக்கற் பட்டைகளில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

14. மண்சரிவு வரப்போகுதென்று இந்த மாதிரியுருவால சொல்லேலுமா?

சரிவுக்குள் நீரமுக்கம் எப்படி ஏறுகிறது என்பதைக் கணிக்கலாம். அதைச் சரிவின் உறுதிக் கணக்கோடு இணைக்கலாம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது போன்றவற்றைப் பின்னோக்கி விளங்கிக்கொள்ள இது உதவும். இன்றிரவு இந்த லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) படுக்கலாமா என்ற கேள்விக்கு இதை நம்பவேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியால மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டும்போது படிப்படியாக எச்சரிக்கிறது. உங்கள் மழைமானி 150 ஐக் காட்டினால் எங்கள் கணினியைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள்.

15. சரி சேர், எங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியாது. நாங்க என்ன செய்யலாம்?

பத்தாவது, பன்னிரண்டாவது விடைகளில் குறைபாடென்று சொன்ன அத்தனையும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு 20 லீற்றர் வாளியும் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரமும் போதும். மாதம் இருமுறை, ஒரே நேரத்தில், பீலியடியில் வாளி நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று மூன்று தடவை அளந்து, மூன்றையும் எழுதுங்கள்; நடுவிலுள்ளதை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள். நீர் கலங்கியிருந்ததா, முதல்நாள் மழை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

40 செக்கனில் நிரம்பினால் செக்கனுக்கு அரை லீற்றர், நாளுக்கு 43,200 லீற்றர். ஆண்டு முழுவதும் அதே ஓட்டம் இருந்து, மழையில் 300 மில்லிமீற்றர் நிலத்துக்குள் இறங்குகிறது என்று கொண்டால், அந்தப் பீலிக்கு ஊட்டும் நிலம் ஏறத்தாழ 13 ஏக்கர். மேலே எந்த 13 ஏக்கர் என்பதைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை; அதற்கு முதலில் உங்கள் கொப்பியில் குறைந்தது இரண்டு வறட்சிக்காலங்களின் எண்கள் இருக்கவேண்டும். கொப்பியை நனையாத இடத்தில் வையுங்கள், பென்சிலால் எழுதுங்கள். மை கரைந்த பக்கங்களோடு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.